லைனில் இருக்கச் சொன்ன கிருபாபாய்

கிருபாபாய் அக்கா மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் தணியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ராஜபாளையத்தில் எங்கள் கேபிள் போன வீடெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மைக்கில் வாசித்தார்: "அடுத்து வரும் பாடலை, கேபிள் லைன்மேன் தனுஷ்கோடி அவர்கள், முடங்கியார் ரோட்டில் தம்மைத் துரத்திக் கடித்த வெள்ளை நாய்க்கு, மாறாத அன்புடன் வழங்குகிறார்."

அந்தத் தனுஷ்கோடி நான்தான். பாட்டு, காதல் பாட்டு.

நாய் கடித்தது உண்மை. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதும் உண்மை. அன்பு மட்டும் பொய். ஆனால் ஊர் அன்பைத்தான் பிடித்துக்கொண்டது. நான் போஸ்ட்டில் ஏறினால் கீழே நின்று பொடியன்கள் ஊளையிட்டார்கள். நாய்க்குச் சொந்தக்காரர் என்னை டீக்கடையில் பார்த்து, "என்னப்பா, வீட்டுப் பக்கமே காணோம்? அது உன்னையத் தேடுது" என்றார். சத்திரப்பட்டியில் பெண் பார்க்கப் போனோம். காபி வந்தது, பலகாரம் வந்தது, பெண் வந்தாள். உள்ளே இருந்து பெண்ணின் தம்பி ஒரு தடவை குரைத்தான். அம்புட்டுத்தான், அந்தச் சம்பந்தம் முடிந்தது.

அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"யாரு போன் பண்ணிச் சொன்னாலும் வாசிச்சுருவியளா?"

"தனுஷ்கோடி பேசுதேன்னுதான்லே சொன்னான்."

"தெனமும் என்கூட இருக்கிய. என் கொரலு ஒங்களுக்குத் தெரியாதா?"

"நாய் கடிச்ச வேதனையில கொரலு மாறியிருக்கும்னு நெனச்சேன்லே."

இதுதான் அவர் தந்த சமாதானம். மன்னிப்பு என்று ஒரு சொல் அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மம்சாபுரம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதுதான் வழி. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றால் தலைமுடி, புருவம், இமை எல்லாம் பஞ்சு அப்பி, ஆள் ஒரேயடியாக நரைத்துப்போன மாதிரி வெளியே வருவார்கள். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இழுப்பு. மாடிப்படி நான்கு ஏறினால் ஆர்மோனியத்துக்குக் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இனிமேல் மில் வாசலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் என்னிடம் வராதே என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இழுப்பு இல்லாத நேரத்தில் அந்த நெஞ்சிலிருந்து வந்த குரல் இருக்கிறதே, அது வேறு ஆளுடையது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவர் பைபிள் பாடம் வாசித்தால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தூங்குவார்கள் என்பார்கள். அந்தக் குரலைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் முதலாளி காளிராஜ் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

காளிராஜ் கேபிள் டி.வி. நடத்தினார். எண்ணெய்க்கடை மாடியில் ஓர் அறை. அதில் இரண்டு வீடியோ டெக், ஒரு மைக், ஒரு சிவப்பு டெலிபோன், ஒரு மின்விசிறி. சாயங்காலம் ஏழரை மணிக்கு, ஒரு மணி நேரம் 'விரும்பிக் கேட்டவை'. ஊரார் போன் செய்து, இன்னாருக்கு இன்னார் இந்தப் பாட்டை வழங்குகிறார் என்று சொல்வார்கள். அக்கா அதைக் கேட்டு மைக்கில் வாசிப்பார், பாட்டு ஓடும். ஓடும்போதே இன்னொரு டெக்கில் அது பதிவாகும். அந்த கேசட்டை மறுநாள் நான் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கே எங்களுக்கு நாலைந்து தெருவில் கனெக்‌ஷன். ஒரு வீட்டு மாடியில் சின்ன அறை, ஒரே ஒரு டெக், ஒரு டி.வி. பெட்டி. ராஜபாளையத்தார் இன்று கேட்டதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நாளைக்கு ஆறு மணிக்குக் கேட்பார்கள். அதைப் போட்டு முடித்துவிட்டு ஏழரைக்குள் நான் திரும்பிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் இன்று போன் செய்து வாழ்த்துச் சொன்னால், அதை அவர் தன் காதால் கேட்பது மறுநாள்தான். யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வாழ்த்துத்தானே, ஊசிப்போகவா செய்யும்?

முதல் ஒரு வருசம் பிறந்தநாள், கல்யாணநாள், புதுமனை என்று ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்றால், போனில் முகம் தெரியாது என்பதை. நேரில் நின்றால் 'வணக்கம் சார்' என்று நெளிகிற பயல், போனைக் கையில் எடுத்ததும் ஜில்லா கலெக்டர் ஆகிவிடுகிறான். யார் பெயரையும் சொல்லலாம், யாருக்கும் சொல்லலாம், ஊர் பூராவும் கேட்கும், அடி மட்டும் விழாது. பதினைந்து பதினாறு வயதில் இப்படி ஒரு சாமான் கைக்குக் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

பெண்பிள்ளைகள் மட்டும் லேசுப்பட்டவர்களா? தெருவில் சண்டை போட்ட இரண்டு குடும்பங்களின் பெயரைச் சொல்லி, ஒருவருக்கொருவர் கல்யாணப் பாட்டு வழங்க வைத்தது ஒரு பெண். பட்டப் பெயர்கள் பறந்தன. எனக்கு நாய் வந்து சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். அக்காவோ யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். "பொய் சொல்லுததுக்கு யாராச்சும் ஒரு ரூபா செலவழிப்பானாலே?" என்பார்.

உச்சக்கட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அங்கே எங்களுக்கு மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருந்தவர் ஸுந்தரராஜன் என்பவர். ஆண்டாள் கோயில் கைங்கரியக்காரக் குடும்பம், வெங்காயம்கூட வீட்டுக்குள் வராது. அவர் பெயரில், ஏகாதசி அன்று, பஸ் ஸ்டாண்ட் பிரியாணிக் கடைக்காரருக்கு, 'நேற்றுத் தந்த இரண்டாவது பிளேட்டுக்கு நன்றி' என்று ஒரு பாட்டு ஒலித்தது.

ஸுந்தரராஜன் ராஜபாளையத்துக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் போன பிறகு முதலாளி மேலே வந்தார். கோபம் வந்தால் அவர் வாயில் முதலில் தெலுங்குதான் வரும்.

"ஏமம்மா இதி? இன்னொரு தடவ அவரு வாயத் தொறந்தா ரூம காலி பண்ணச் சொல்லிருவாரு. ஸ்ரீவில்லிபுத்தூர் லைனு போச்சுன்னா இந்தப் போனு எதுக்கு, மைக்கு எதுக்கு? பாட்டு கேசட்டப் போட்டுட்டு நான் பாட்டுக்குத் தூங்குவேன். ஒன்னைய வச்சு நான் என்ன செய்ய? மில்லுல சொல்லி விடுதேன், திரும்பப் போயிரு."

அவர் கெட்ட மனுசர் இல்லை. இழுப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. அக்கா அதை அவரிடம் சொன்னதே இல்லை. சீக்காளி என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். எனக்குத் தெரியும். மில்லுக்குத் திரும்பினால் அக்கா எத்தனை மாதம் தாங்குவார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். 

மறுநாள் போன் அடித்தது. அக்கா எடுத்தார். அந்தப் பக்கம் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

"சரிலே. இப்ப ஓடுத பாட்டு முடியட்டும். அதுவரைக்கும் லைன்ல இரு. முடிஞ்ச பொறவு இதையே திரும்பச் சொல்லு. அப்பவும் இதத்தான் சொல்லுதேன்னா, ஆண்டவர் மேல ஆணையா வாசிக்கேன்."

ரிசீவரை மேசையில் படுக்க வைத்தார். பக்கத்தில் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு நொறுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். பாட்டு முடியும் முன்னே 'டொக்' என்று வைத்துவிட்டான்.

இதில் இருக்கிற சூட்சுமத்தை நான் பழைய பஸ் ஸ்டாண்டில் கண்ணால் பார்த்தேன். அங்கே ஒரு காசு போடுகிற போன் பெட்டி உண்டு. ரூபாய் போட்டால் மூன்று நிமிசம், பிறகு கீ கீ என்று கத்தும். பதினோராம் வகுப்புப் பயல் ஒருவன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறான். அவன் கூட்டாளி பக்கத்தில் காசோடு நிற்கிறான். பின்னால் வரிசை. வரிசையில் முதல் ஆள் காய்கறிக்கார வெள்ளத்தாய்.

"ஏலே, எம்புட்டு நேரம்லே அதக் காதுல வச்சுக் கொஞ்சிக்கிட்டு நிப்ப?"

"லைன்ல இருக்கச் சொல்லியிருக்காவ."

"யாரு?"

"டி.வி. அக்கா."

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. என்னமோ திங்காவ."

"அவ திங்கதக் கேக்கவாலே காசு போட்ட? கொண்டா இங்க, நான் கேக்கேன்!"

பெட்டி கீ கீ என்றது. கூட்டாளி அடுத்த ரூபாயைப் போட்டான். வரிசை நீண்டது. ஆளுக்கொரு கேள்வி. என்ன பாட்டு, யாருக்கு, எதற்கு? பயல் வேர்த்து வழிந்தான். கடைசியில் ரிசீவருக்குள்ளிருந்து அக்கா குரல்: "ம், இப்பச் சொல்லுலே."

அவன் முதலில் சொன்னது என்ன என்று கூட்டாளி பிறகு டீக்கடையில் சொல்லித்தான் தெரியும். 'கணக்கு வாத்தியார் சுயம்புலிங்கம், தான் போட்ட முட்டைகளை எல்லாம் சேர்த்து வைத்துக் கோழிப்பண்ணை திறக்கும் சந்தோசத்தில் வழங்கும் பாடல்.' இதைத்தான் திரும்பச் சொல்ல வேண்டும். பின்னால் வெள்ளத்தாய் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா... கணக்கு வாத்தியார் சுயம்புலிங்கம் அவர்களுக்கு..."

"யாரு, நம்ம சுயம்பு சாரா? கத்திரிக்கா எங்கிட்டதான் வாங்குவாரு. அவருக்கு என்னலே?"

"...வணக்கம்."

"அம்புட்டுதானா?" என்றது ரிசீவர்.

"அம்புட்டுதான்க்கா. வணக்கம்."

கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். "வணக்கத்துக்காலே ரெண்டு ரூவா? நாளைக்குக் கிளாஸ்ல ஓசியிலயே சொல்லியிருப்பேனே!"

அக்கா இரண்டு பேர் பெயரையும் கேட்டுக்கொண்டு அந்த வணக்கத்தை அழகாக வாசித்தார். மறுநாள் சுயம்புலிங்கம் சார் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தி, வகுப்பு பூராவும் கைதட்டச் சொன்னாராம். பயல்கள் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படியாக ஊர் அடங்கியது. அக்கா யாரையும் திட்டவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. காராச்சேவுச் செலவுதான் ஏறிப்போயிற்று. ஒரு பாட்டு நேரம் சும்மா நின்றால் எந்தக் குறும்பும் கொஞ்சம் ஆறிப்போகும், பின்னால் வரிசையும் நின்றால் முழுசாக ஆறிப்போகும். ஆனால் ஒரு விசயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. வீட்டில் போன் இருக்கிறவர்களுக்குக் கீ கீ கிடையாது, வரிசையும் கிடையாது.

அந்த மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் பேசியது. குரலைக் கேட்டால் பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது. சொன்னதைக் கேட்டதும் அக்காவுக்குக் கண் விரிந்தது. வழக்கம் போல, "லைன்ல இரு பாப்பா" என்றார். அந்தப் பெண் இருந்தது. பாட்டு முடிந்தது. "இன்னொரு பாட்டும் போகட்டும்." இருந்தது. "இன்னும் ஒண்ணு." அதற்கும் இருந்தது. காராச்சேவு தீர்ந்துவிட்டது.

"இப்பவும் அதத்தான் சொல்லுதியா?"

"அதேதான். ஒரு எழுத்து மாறாது. வாசிக்கறேன்னு ஆணை வெச்சேளா இல்லையா? வாசிப்பேளா மாட்டேளா?"

வாக்கு, வாக்குத்தானே. எவர் பேரையும் பெரிசாகக் கெடுக்கிற மாதிரி இல்லை என்று நினைத்து அக்கா மைக்கை எடுத்தார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் பாசுரப் போட்டியில், நாலாவது அடியை மறந்து, முனகியே சமாளித்து, முதல் பரிசு வாங்கிய ஜயலக்ஷ்மிக்கும், முன்வரிசையில் நன்றாகத் தூங்கி, கைதட்டலுக்கு மட்டும் கண் விழித்த நடுவர் அவர்களுக்கும், இந்தப் பாடலை வழங்குவது, தூங்காமல் கேட்டவள்."

வாசித்து முடிக்கிற இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரையே அடக்கியவருக்குத் தன் வாயை அடக்க முடியவில்லை. க்ளுக் என்று ஆரம்பித்து, இழுப்பும் சேர்ந்து, விசில் அடிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதுவும் அப்படியே பதிவாயிற்று.

மறுநாள் காலை நான் கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போன பிறகு போன் அடித்திருக்கிறது. அதே பெண். அழுகை.

"அக்கா, நேத்திக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அத எடுத்துடுங்கோ."

"ஏம் பாப்பா, என்ன ஆச்சு?"

"அந்த நடுவர் எங்க பெரியப்பா. தம்பி பொண்ணுக்குப் பரிசு குடுத்தா ஊர் பேசும்னு அவளுக்குக் குடுத்துட்டார். அந்தக் கோவம். இன்னிக்குச் சாயந்தரம் ஜயலக்ஷ்மி ஆத்து மனுஷா எல்லாரையும் எங்காத்துக்குக் கூப்பிட்டு டி.வி. முன்னாடி உக்காத்தி வெக்கப் போறார். அவரும் நேத்திக்கு உங்களுக்குப் போன் பண்ணி அவளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்காராம், அதைக் கேக்கணுமாம்."

"ஒங்க பெரியப்பா பேரு என்ன?"

"ஸுந்தரராஜன். உங்க கேபிள் ரூம்கூட எங்காத்து மாடிலதான் இருக்கு."

வஞ்சுளவல்லி என்ற அந்தப் பெண், அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, அவர் போனிலேயே மூன்று பாட்டு நேரம் காத்திருந்து அவரை வாரியிருக்கிறது.

அக்கா போனை வைத்த இடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நான் வழியில் இறங்கிச் சொந்த வேலை பார்த்துவிட்டு மத்தியானம் போனதால், மாடி வாசலில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். படியேறி வந்ததில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தது. விசயத்தைச் சொல்லி முடிக்கவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"இப்பவே போட்டுப் பாத்து அந்த எடத்த அழிச்சிருவோம்" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை.

மத்தியானம் போன கரண்ட் வரவே இல்லை. ஐந்து மணி, ஐந்தரை. கீழே கூடத்தில் ஆட்கள் கூடுகிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம், சுண்டல் வாசனை. நிகழ்ச்சி நேரத்துக்குச் சரியாக, பழி வாங்குகிற மாதிரி, கரண்ட் வந்தது. கீழிருந்து ஸுந்தரராஜன் குரல்: "போடுங்கோப்பா! எல்லாரும் காத்துண்டிருக்கா!"

போடாமல் இருக்க முடியுமா? போட்டேன். அக்கா சொன்னார்: "மூணாவது பாட்டு முடிஞ்ச ஒடனே வரும்லே. அப்பச் சத்தத்த முழுசாக் கொறச்சிரு. கரண்டு கோளாறுன்னு நெனச்சுக்கிடுவாவ."

"நல்லாத் தெரியுமா?"

"வாசிச்சவளுக்குத் தெரியாதாலே?"

மூன்றாவது பாட்டு முடிந்தது. டெக்கின் சத்தக் குமிழைத் திருகினேன். படம் ஓட, சத்தம் இல்லை. அக்கா விரலால் தாளம் போட்டு எண்ணி, "ம், இப்ப ஏத்து" என்றார். நாலாவது பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்தோம். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். மில்லும் பஞ்சும் அவர் முகத்தை விட்டு இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

படியில் தடதடவென்று சத்தம்.

ஸுந்தரராஜன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "எவன்யா சத்தத்தை அமுக்கினது? என் வாழ்த்து வர்ற நேரத்துக்குன்னு ஊமையாப் போயிடறதே! அத்தனை பேரைக் கூட்டி வெச்சுண்டு நான் அசடு வழியணுமா?"

அமுக்கியது அவருடைய வாழ்த்தை! மூன்றாவது பாட்டுக்குப் பிறகு வந்தது அவருடையது. அந்தப் பெண்ணுடையது நாலாவது பாட்டுக்குப் பிறகு. நாலாவது பாட்டு இதோ முடியப்போகிறது. மனுசர் டெக்குக்கு நேர் எதிரே, குமிழின் மீது வைத்த கண் எடுக்காமல் நிற்கிறார். இப்போது கையை வைத்தால் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆகிவிடும். நான் அக்காவைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது. பெட்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல், "ஸ்ரீவில்லிபுத்தூர்..." என்று ஆரம்பித்தது.

அக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதிய. மில்லுல இருந்த ஆளு, காது கொஞ்சம் மந்தம். என்ன வாழ்த்துன்னு சொன்னிய?"

"ஜயலக்ஷ்மிக்கு நான் சொன்ன வாழ்த்தும்மா!"

"இன்னுஞ் செத்த சத்தமா!"

"பாசுரப் போட்டியில் முதல் பரிசு பெற்ற!"

"கேக்கலையே ஐயா!"

ஸுந்தரராஜன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "முதல் பரிசு பெற்ற! செல்வி ஜயலக்ஷ்மிக்கு! ஆண்டாள் கோயில்! கைங்கரியபரரான! ஸுந்தரராஜன்! மனமார்ந்த! ஆசிகளுடன்! வழங்கும்!"

அவர் ஒவ்வொரு சொல்லாகக் கத்த, பின்னால் பெட்டிக்குள் அவர் தூங்கியதும் விழித்ததும் ஒவ்வொன்றாகப் போயிற்று. அக்காவின் விசில் சிரிப்பு வந்தபோது இவர் 'வழங்கும்' என்ற இடத்தில் இருந்தார். அது என் காதில் நன்றாகவே விழுந்தது. நான் இருமினேன், விடாமல் இருமினேன். அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"இப்பக் கேட்டுதும்மா?"

"நல்லாக் கேட்டுச்சு ஐயா. நாளைக்கு ரெண்டு தடவ வாசிக்கேன்."

"ரெண்டு தடவையா?" மனுசருக்குக் கோபம் போய்விட்டது. "அப்போ ரெண்டாவது தடவை என் தகப்பனார் பேரையும் சேர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே கூடம் முழுவதும் கேட்டிருந்தது. அவர் ஒருவரைத் தவிர ஊரே கேட்டிருந்தது. இனிமேல்தான் இடி விழப்போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் படியின் மேல்தட்டில் ஒண்டிக்கொண்டு நின்றோம்.

"என்ன, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கேள்? நான் இல்லாதப்போ என்ன வந்தது?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

யாரோ சுண்டல் தட்டை நகர்த்துகிற சத்தம். பிறகு அவர் சம்சாரத்தின் குரல்: "ஒண்ணுமில்லே. போட்டியைப் பத்தித்தான் நன்னாச் சொன்னா. நீங்க சுண்டல் சாப்பிடுங்கோ."

ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். உடனே இன்னொருவர். பிறகு கூடமே குலுங்கியது. அவரும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். முன்வரிசையில் அவர் குறட்டை விட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எவளோ ஒருத்தி சொல்லிவிட்டாள் என்ற சந்தோசத்தில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே விசில்தான்.

மறுநாள் வஞ்சுளவல்லி போனில் சொன்னது: கொல்லையில் வாளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவளை ஜயலக்ஷ்மிதான் தேடிப் பிடித்தாளாம். "நீதானேடி அது?" என்றாளாம். இவள் வாளியை முன்னால் இழுத்துக்கொள்ள, "நான் மறந்தது நாலாவது அடி இல்லடி, அஞ்சாவது. குத்தம் சொல்றவ சரியாச் சொல்ல வேண்டாமா?" என்று ஒரு குட்டு வைத்து, கூடவே உட்கார்ந்து சுண்டல் தின்றாளாம்.

முதலாளிக்கு ஸுந்தரராஜனிடமிருந்து ஒரு வார்த்தைதான் வந்தது: 'அந்தப் பெண் நல்ல மாதிரி, பாவம், காதுதான் கேட்கவில்லை.' முதலாளி எங்களை முறைத்துப் பார்த்தார். போனைப் பிடுங்கவில்லை, மைக்கையும் பிடுங்கவில்லை. மில் பேச்சு பிறகு வரவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டு போனில் பேசுகிற பிள்ளைகளுக்கு அக்காவின் காது கேட்காது. "என்ன பாப்பா? இன்னும் சத்தமா!" என்பார். தகப்பன் பேப்பர் படிக்கிற கூடத்தில் நின்று, தாய் அரிசி புடைக்கிற காதில் விழ, எந்தப் பிள்ளை தன் குறும்பைக் கத்திச் சொல்லும்? பாதி பேர் வணக்கத்தோடு முடித்துக்கொண்டார்கள். துணிந்து கத்தியவர்கள் ஒன்றிரண்டு பேர். அதையும் அக்கா சொன்ன சொல் மாறாமல் வாசித்தார். அவையெல்லாம் நிசமாகவே நன்றாக இருந்தன.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில் ஏகப்பட்ட சேனல்கள் வந்துவிட்டன. எங்கள் ஒரு மணி நேரத்தைச் சீந்துவார் இல்லை. முதலாளி டெக்கை விற்றுவிட்டு அந்த அறையில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு இன்டர்நெட் கடை ஆக்கினார். பெயர்ப் பலகை, தட்டி மறைப்பு எல்லாம் நான்தான் அடித்தேன். பொடியன்கள் தட்டிக்குள் புகுந்துகொண்டு, அமெரிக்காவில் இருக்கிறவனிடம் பொம்பளைப் பிள்ளை மாதிரியும், பக்கத்துத் தட்டியில் இருக்கிறவனிடம் போலீஸ் மாதிரியும் எழுதித் தள்ளினார்கள். யாரிடமும் சொல்லத் தேவையில்லை, தட்டினால் போய்விடுகிறது.

அக்காவுக்கு அந்தச் சமயம்தான் கல்யாணம் தகைந்தது. நாசரேத்தில் ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர். அந்த ஊரில் மில் கிடையாது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொண்டுதான் அக்கா சம்மதித்தார். கிளம்புகிற அன்று மாடிக்கு வந்து, தட்டி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த பயல்கள் திரையைக் கையால் மறைத்தார்கள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஏலே தனுஷ்கோடி, மொதலாளிட்ட சொல்லிட்டேன். நாளையில இருந்து நீ இங்க ஒரு நாற்காலியப் போட்டு உக்காரு."

"எனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். ஒனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்லா? ஒவ்வொருத்தன் அனுப்பப் போகையிலயும் போயிப் பக்கத்துல நின்னு, 'தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்க, செத்த சத்தமா வாசிச்சுக் காட்டு'ன்னு மட்டும் கேளு."